கத்தி படாத குதிகால்கள்

காயத்துக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர் வேலை என்பது டாக்டர் சொன்னதைச் செய்வதும், அவர் சொல்லாமல் விட்ட ஆறுதலைச் சொல்வதும்தான். ஜப்பான்காரன் எங்கள் ஊரைப் பிடித்திருந்த காலத்தில், தமிழர்கள் கடைபோட்டிருந்த தேக்காவில் ஒரு சின்ன டிஸ்பென்சரியில் அந்த வேலை பார்த்தேன்.

படுக்கையை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி இறங்குகிற மாதிரி வலிக்குமே, உங்களுக்கும் உண்டா? அப்படியென்றால் நீங்கள் நம்ம ஆள். சைக்கிளையும் செருப்பையும் இழந்து ஊரே நடந்துகொண்டிருந்த நேரம் அது. நொண்டாமல் எங்கள் படியேறியவர்கள் குறைவு. மருந்து கிடையாது. சூடு பண்ணிய செங்கலைச் சாக்கில் சுற்றி ஒத்தடம், சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை இழுத்து நீட்டும் பயிற்சி, குதிகாலுக்கு அடியில் வைத்துக் கட்ட ரப்பர் ஷீட்டில் வெட்டிய அட்டை, அப்புறம் ஓய்வு. இவ்வளவுதான் எங்கள் வைத்தியம்.

வெட்டச் சொன்னவர்

பால்காரர் கோவிந்தசாமியின் மாடுகளை ஜப்பான் சிப்பாய்கள் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதன் பிறகு ஜூரோங் பக்கம் நடந்து போய் மரவள்ளி போட்டுக் குடும்பத்தைக் காப்பாற்றினார். ஒருநாள் வந்து காலைத் தூக்கி மேசைமேல் வைத்தார். "எலும்புல முள்ளு வளர்ந்திருக்கு டாக்டர். வெட்டி எடுத்துடுங்க."

எங்கள் டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர்; நோயை வருத்தம் என்பார். குதிகாலை அழுத்திப் பார்த்துவிட்டு, "இது வெட்டுற வருத்தம் இல்லை ஐயா. கொஞ்ச நாளைக்கு நடவாமல் இருங்கோ, மாறிவிடும்" என்றார். கோவிந்தசாமி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். காலை இறக்கிக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "அந்த ஓய்வையும் ரேஷன்ல போடச் சொல்லுங்க டாக்டர். வரிசையில நின்னு வாங்கிக்கிறேன்."

நேராக நடந்தவன்

முத்தையா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். சொன்னதை அப்படியே செய்யும் நோயாளி ஆயிரத்தில் ஒருவன்தான் கிடைப்பான். இவன் அந்த ஒருவன். வேலைக்குப் போகிற வழியில் எங்கள் சுவரில் கை ஊன்றிப் பயிற்சி செய்துவிட்டுத்தான் போவான். மெல்ல மெல்ல நொண்டல் போனது. வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்து காட்டினான். டாக்டர்கூடச் சிரித்தார்.

ஜப்பான்காரன் காட்டுக்குள் போட்ட, போனவர்களில் பலர் திரும்பாத சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்தபோது துறைமுகத்துக் கூலிகளை வரிசையாக நிறுத்தி நடக்கச் சொன்னார்களாம். நொண்டினவர்களை விட்டுவிட்டார்கள். அது தெரிந்து சிலர் வேண்டுமென்றே காலை இழுத்து நடந்து தப்பித்தார்கள். நேராக நடந்து அகப்பட்ட முத்தையா துணி மூட்டையோடு என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தான். நான் அவனைக் கடைசியாகப் பார்த்தது அன்றுதான். "நீயும் கொஞ்சம் நொண்டியிருக்கக் கூடாதாடா?" என்று கேட்டேன். அவன் கூச்சத்தோடு சொன்னான்: "நீங்க அவ்வளவு பாடுபட்டுச் சரியாக்கின காலுண்ணே. அதை எப்படி நொண்டிக் காட்டுறது?"

ரயிலடிக்குப் போனவர்

ஃபேரர் பார்க் பக்கம் குடியிருந்த அஞ்சலை அக்காவின் புருஷனையும் சயாமுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அக்கா தினமும் காலையில் தஞ்சோங் பகார் ரயிலடிக்கு நடந்து போய், இறங்குகிற முகங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும். இரண்டு குதிகாலும் வீங்கிப் போயிருந்தன. "நாலு நாள் போகாம இருங்கக்கா" என்றால், "நான் போகாத அன்னிக்கு அவரு வந்து இறங்கிட்டா?" என்று கேட்கும். தேயத் தேய அட்டை வெட்டிக் கொடுத்தேன்.

சண்டை முடிந்து சயாமிலிருந்து ஆட்கள் ஒருவர் இருவராக வரத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் அக்காவைத் தேடிப் போய், காய்ச்சலில் போன அவள் புருஷனைத் தானே மழையில் புதைத்ததாகச் சொல்லிவிட்டுப் போனார். சில வாரம் கழித்து அக்கா டிஸ்பென்சரிக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தது. வழக்கம்போலக் குதிகாலை அழுத்தினேன். முகம் சுளிக்கவில்லை. "வலி விட்டிருச்சு தம்பி. நடந்து போறதுக்குத்தான் இப்ப எடம் இல்ல."

கத்தி வைக்காமலே குதிகாலைக் குணப்படுத்தலாம் என்று அந்த வருஷங்களில் நன்றாகவே கற்றுக்கொண்டேன்; குணமான கால் யாரை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை மட்டும் எந்த டாக்டரும் சொல்லித் தரவில்லை.