சம்பந்தியிடம் ரத்தம் கேட்ட நாள்

காலை பத்து நாற்பது. ராஜபாளையத்தில் என் மனைவி நர்ஸாக இருக்கும் தனியார் மருத்துவமனையின் இரண்டாம் மாடி. நான் முதலில் பார்த்தது குழாயடியில் நீட்டியிருந்த அவளுடைய இடது ஆள்காட்டி விரலை. சோப்பு நுரை வழிந்துகொண்டிருந்தது. விரலைப் பிதுக்கவில்லை. பிதுக்கக் கூடாது என்று புதிதாக வரும் பெண்களுக்கு அவள்தான் சொல்லிக் கொடுப்பாள்.

நான் போயிருந்தது நோயாளி ஒருவரைப் பார்க்க. மகாராஜபுரத்து விவசாயி, காலில் ஆறாத புண். அவர் மகனுக்கு எங்கள் மகளைப் பேசி முடித்திருந்தோம். நிச்சயதார்த்தத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

சர்க்கரைச் சோதனைக்கு அவரிடம் ரத்தம் எடுத்திருக்கிறாள். குத்தி முடித்த ஊசிகளைப் போடும் டப்பா கட்டிலுக்கு அந்தப் பக்கம். நடுவில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். வேறு யாராக இருந்தாலும் எழுந்திருக்கச் சொல்லியிருப்பாள். சம்பந்தியம்மாளிடம் சொல்ல வாய் வரவில்லை. அவர்மேல் பட்டுவிடக் கூடாதென்று ஊசிக்குத் திரும்ப மூடி மாட்டப் போனாள். மூடி விலகி, ஊசி கையுறையைத் துளைத்து விரலில் ஏறிவிட்டது.

டாக்டர் தாமதிக்கவில்லை. எச்ஐவி தடுப்பு மாத்திரையின் முதல் வேளையை அப்போதே விழுங்க வைத்தார். நோயாளியின் ரத்தத்தைச் சோதிக்க அவர் சம்மதம் வேண்டும். கிருமி இல்லையென்றால் மாத்திரையை நிறுத்தலாம், கிருமி இருந்தாலோ சோதிக்க முடியாவிட்டாலோ இருபத்தெட்டு நாள் என்றார்.

"இருபத்தெட்டு நாளும் முழுங்கிக்கிடுதேன். அவியகிட்ட மட்டும் கேக்க வேண்டாம்" என்றாள்.

அந்த மாத்திரை கல்லீரல் கிருமிகளுக்குக் கேட்காது என்பது அவளுக்குத் தெரியும். தலைமை நர்ஸும் அதை நினைவுபடுத்திவிட்டுச் சொன்னார். "ஏட்டி, வேற நோயாளின்னா இந்நேரம் நீயே கையெழுத்து வாங்கிருப்ப."

கேட்கப் போனது நான். பத்திரிகை வேலையில் கேட்கக் கூடாததையெல்லாம் கேட்டுப் பழகியவன். அன்று கட்டிலருகே போய் நின்றேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். சம்பந்தியம்மாளின் முகம் இறுகியது. தன் வீட்டு ஆம்பளையை என்னவென்று நினைத்தீர்கள் என்று கேட்டார். சம்பந்தி தன் மனைவியைக் கையமர்த்தினார்.

"சாதகம் பாத்தாச்சு. ரத்தத்தையும் பாத்துருங்க சம்பந்தி" என்று கையை நீட்டினார்.

மாலையில் முடிவு வந்தது. டாக்டர் அவரிடம் மட்டும் தனியாகப் பேசினார். எங்களைக் கூப்பிட்டுச் சொன்னது அவரேதான். எச்ஐவி இல்லை. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி இருந்தது. அதுவரை அவருக்கே தெரியாது. சொல்லிவிட்டு என் மனைவியின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் வேலைக்குச் சேர்ந்தபோதே அதற்கான மூன்று தடுப்பூசியும் போட்டவள். உடம்பில் எதிர்ப்புச் சக்தி போதிய அளவு வந்துவிட்டது என்பதும் அட்டையில் பதிவாகியிருந்தது. எச்ஐவி மாத்திரையையும் நிறுத்திவிட்டார்கள்.

"எனக்கு ஒண்ணும் ஆவாது அண்ணே" என்றாள். "வீட்டுல எல்லாரும் ரத்தம் பாக்கணும். கிருமி இல்லாதவியளுக்கு ஊசி போட்டுறலாம்."

மறுநாள் காலை மாப்பிள்ளை ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறி வந்து சோதனைக்கு ரத்தம் கொடுத்தார்.