வெள்ளிக்கிழமைக் கமிட்டியும் ஞாயிற்றுக்கிழமைக் கமிட்டியும்

ஆம்பூரில் எங்கள் சபாவுக்கு நான் பல வருஷம் காரியதரிசியாக இருந்தேன். சபா என்றதும் பட்டணத்துச் சபாக்களை நினைத்துக்கொள்ளக் கூடாது. எங்களுடையது ஒரு பழைய தோல் கிடங்கு. மண்டி வைத்திருந்த ஒரு சாயபு, பெரிதாகப் புதுக் கிடங்கு கட்டிக்கொண்டதும், பழையதை நாடகத்துக்கும் பாட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டார். ஒரு கோடியில் பலகை மேடை, இன்னொரு கோடியில் பத்திரிகை படிக்க ஒரு மேஜை, நடுவில் பெஞ்சுகள். மழைக் காலத்தில் சுவரிலிருந்து பழைய வாடை கிளம்பும். ஊர்க்காரர்கள் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. வெளியூர்ப் பாடகர்கள்தான் பாட்டை வேகமாக முடித்துக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

என் தொழில் ஆவாரம்பட்டை கமிஷன். கிராமங்களில் பட்டை வாங்கி, தோல் பதனிடும் ஷெட்டுகளுக்குப் போடுவது. பட்டைக்காரனுக்கு எப்போதும் நேரம் இருக்கும் என்று ஊரில் ஓர் எண்ணம் உண்டு. அதனால்தான் என்னைப் பிடித்துப் போட்டார்கள், சங்கீத ஞானத்துக்காக அல்ல. எனக்குச் சுருதியும் தெரியாது, தாளமும் தெரியாது.

கமிட்டி அமைத்தபோது மிகவும் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தோம். தோல் தொழில்காரர்கள் நாலு பேர், உத்தியோகம் பார்க்கிறவர்களும் வக்கீலுமாக நாலு பேர், நடுவில் நான். நாலுக்கு நாலு. நாளைக்கு யாரும் குறை சொல்ல முடியாது. கிடங்கு கொடுத்த சாயபு தலைவர், வக்கீல் உபதலைவர். சட்டதிட்டங்களை எழுதியவரும் வக்கீலே. கூட்டம் செல்லுபடியாக வேண்டுமானால் ஐந்து பேர் இருக்க வேண்டும். ஒரு கூட்டத்தில் எழுதியதை அடுத்த கூட்டத்தில் படித்து உறுதி செய்ய வேண்டும், அதன் பிறகுதான் அது தீர்மானம். அவர் வாசிக்கக் கேட்டபோது நன்றாகத்தான் இருந்தது. எல்லோரும் கை தட்டினோம்.

ஒன்றை மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை. எங்கள் ஊரில் தோல் ஷெட்டுகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பள்ளிக்கூடத்துக்கும் கோர்ட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாட்களில் இவர்களுக்கு ஷெட்டு வேலை, அவர்களுக்கு ஆபீஸ் வேலை, சாயங்காலத்தில் இருவருக்குமே ஆள் வந்து காத்திருக்கும். அதனால் ஒரு வாரம் வெள்ளி, மறு வாரம் ஞாயிறு என்று மாற்றி மாற்றிக் கூட்டம் போட்டோம். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அத்தர் மணக்க நாலு பேர் வருவார்கள், சாயபு வீட்டிலிருந்து டீ வரும். ஞாயிற்றுக்கிழமை வேறு நாலு பேர் வருவார்கள், வக்கீல் வீட்டிலிருந்து காபி வரும். இரண்டுக்கும் ஐந்தாவது ஆள் நான். டீயையும் குடித்தேன், காபியையும் குடித்தேன்.

விளக்குத் திரி, பத்திரிகைச் சந்தா மாதிரி விஷயங்கள் இப்படியே எப்படியோ நடந்துகொண்டிருந்தன. நாடக வாத்தியார் வந்த பிறகுதான் சங்கடம் ஆரம்பித்தது.

அவர் நாற்பதைத் தாண்டியவர், ஒல்லியான ஆள். ஊர் ஊராகப் போய் நாடகம் போட்ட ஒரு கம்பெனியில் ஆர்மோனியம் வாசித்துப் பாட்டும் சொல்லிக்கொடுத்தவர். பேசும் படம் வந்து அந்தக் கம்பெனி கலைந்துபோனது. எங்கள் வருஷ நாடகத்துக்கு ஒத்திகை பார்க்க அவரை அமர்த்திக்கொண்டோம். ஓட்டலில் சாப்பிட்டு மேடையிலேயே படுத்துக்கொள்வார். மனைவியும் மகளும் காவேரிப்பாக்கத்தில் மனைவியின் அண்ணன் வீட்டில் இருந்தார்கள். மாசி மாதத்தில் ஒரு நாள் அவர் என்னிடம் வந்து கேட்டார்.

"ஆனியில மச்சான் பையனுக்குக் கல்யாணம் சார். மருமவ வந்துட்டா அங்க இவங்களுக்கு எடம் இல்ல. மேடைக்குப் பின்னால ஒரு ரூமு சும்மாதான கெடக்குது? அதைக் குடுத்தீங்கன்னா கூட்டியாந்துடுவேன். ஊர்ப் புள்ளைங்களுக்கும் இங்கயே பாட்டு சொல்லித் தர்றேன்."

அது ஒரு காலத்தில் தோலுக்குப் போடும் உப்பைக் கொட்டி வைத்த அறை. இப்போது உடைந்த நாற்காலிகளைப் போட்டுப் பூட்டி வைத்திருந்தோம். அவருக்கு அது கிடைத்தால் குடும்பம் ஒன்றாக இருக்கும், கிடைக்காவிட்டால் இல்லை. விஷயம் அவ்வளவுதான். கமிட்டியில் வைக்கிறேன் என்று சொன்னேன்.

வெள்ளிக்கிழமை வைத்தேன். "அந்த ரூம்ல இன்னாப்பா இருக்குது?" என்றார் தலைவர்.

"ஒடைஞ்ச நாற்காலிங்க."

"நாற்காலிக்கு ரூமு உண்டு, மனுசனுக்கு இல்லியா? குடுத்துடுப்பா. பேஜார் பண்ணாதே."

எழுதிக்கொண்டேன். மறு வாரம் ஞாயிற்றுக்கிழமை அதைப் படித்தேன். வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் பூரண சம்மதம். ஆனா நாங்க ஒருத்தர்கூட இல்லாத கூட்டத்துல எழுதினதை, நாங்க எப்படிச் சரின்னு கையெழுத்துப் போடறது? நாமளே புதுசா ஒண்ணு எழுதிடுவோம்." எழுதினார்கள். அறையைக் கொடுக்கலாம், ஆனால் திரைச்சீலை பக்கத்தில் இருப்பதால் அடுப்பு மூட்டக் கூடாது.

அடுத்த வெள்ளிக்கிழமை அதைப் படித்தபோது தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அடுப்பு மூட்டாம குடும்பம் எப்டிப்பா நடத்துவான்? நம்ம இல்லாதப்ப எழுதிக்கினா நாம ஒத்துக்கணுமா?" கொல்லையில் தகரம் போட்டு அங்கே சமைத்துக்கொள்ளட்டும் என்று இன்னொன்று எழுதினார்கள். ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் தகரம் நல்ல யோசனை என்று பாராட்டினார்கள். பாராட்டிவிட்டு, தாங்கள் இல்லாத கூட்டம் என்பதால் திரும்பவும் புதிதாக எழுதினார்கள். இப்படியே பங்குனி போயிற்று, சித்திரையும் போயிற்று.

இரண்டு தரப்புக்கும் பொதுவாக ஒரு விடுமுறை கிடைக்குமா என்று தேடினேன். ரம்ஜானுக்கு இவர்கள் வர மாட்டார்கள், வருஷப் பிறப்புக்கு அவர்கள் வர மாட்டார்கள். சக்கரவர்த்தி பிறந்தநாள் விடுமுறையைச் சொன்னேன். சுண்ணாம்புக் குழியில் கிடக்கிற தோலுக்குச் சக்கரவர்த்தியைத் தெரியாது என்றார் தலைவர்.

உண்மையைச் சொல்கிறேன், நான் அதற்கு மேல் முயலவில்லை. எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. வெள்ளிக்கிழமை போனால் "வக்கீல் இன்னா சொன்னாரு?" என்று கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் "சாயபு என்ன சொல்றார்?" என்று கேட்பார்கள். பட்டை விற்கிறவனை ஊரில் வேறு யார் இப்படி வாய் பார்த்துக் காத்திருப்பார்கள்? நானும் கொஞ்சம் நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டுதான் பதில் சொல்வேன்.

கூட்டம் நடக்கும்போதெல்லாம் வாத்தியார் வெளியே வேப்ப மரத்தடியில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். நான் வந்து, "எல்லாருக்கும் சம்மதம்தான், அடுத்த கூட்டத்தில முடிஞ்சிடும்" என்பேன். அது பொய்யும் இல்லை. "சரிங்க சார்" என்பார். கொஞ்ச நாளில் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். நான் வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்ப்பார், பிறகு எழுந்து உள்ளே போய் ஒத்திகையை ஆரம்பிப்பார். ஒரு நாள் எங்கிருந்தோ ஒரு பானை சுண்ணாம்பும் மட்டையும் கொண்டுவந்து, உப்பு பூத்த அந்தச் சுவருக்கு நானே வெள்ளை அடித்து வைக்கிறேன் என்றார். தீர்மானம் ஆகட்டும், அவசரப்படாதீர்கள் என்று தடுத்துவிட்டேன். சுண்ணாம்பு பானையிலேயே காய்ந்து இறுகிப்போனது.

வைகாசியில் வருஷ நாடகம் பிரமாதமாக நடந்தது. அன்று மட்டும் எட்டுப் பேரும் முன்வரிசையில் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் வாத்தியாருக்கு மாலை போட்டார். இவர் நம் சபாவுக்குக் கிடைத்த பொக்கிஷம் என்று வக்கீல் பேசினார். அவர்கள் கலைவதற்குள் அங்கேயே ஐந்து நிமிஷம் கூட்டம் போட்டிருக்கலாம். நான் அப்போது வாடகை விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்கு அது தோன்றவே இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றுகிறது.

ஆனி பிறந்து ஒரு செவ்வாய்க்கிழமை அவர் போய்விட்டார். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆர்மோனியப் பெட்டி அவருடையது, எடுத்துக்கொண்டு போயிருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை, வாத்தியார் ஊரில் இல்லாததால் அவருடைய விண்ணப்பம் முடிக்கப்பட்டது என்று எழுதினேன். மறு வாரம் ஞாயிற்றுக்கிழமை அதைப் படித்தேன். "இதுல ஆட்சேபணைக்கு என்ன இருக்கு?" என்று வக்கீல் உடனே கையெழுத்துப் போட்டார்.

அந்த வருஷம் மழை ஓய்ந்த பிறகு, பட்டை லோடு விஷயமாக ராணிப்பேட்டையில் ஒரு ஷெட்டுக்குப் போயிருந்தேன். முற்றத்தில் பதனிட்ட தோல்களைக் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தார்கள். ஒருவர் குனிந்து எண்ணிக்கொண்டிருந்தார். நிமிர்ந்த பிறகுதான் வாத்தியார் என்று தெரிந்தது. விரலெல்லாம் பட்டைச் சாயம் ஏறியிருந்தது.

"இங்க இன்னா பண்றீங்க வாத்தியாரே?"

"தோல் எண்றேன் சார். லைன் வீடு ஒண்ணு குடுத்துருக்காங்க. அவங்களையும் கூட்டியாந்துட்டேன்."

குரலில் கோபம் இல்லை. பொண்ணு நல்லா இருக்காளா என்று கேட்டேன், நல்லா இருக்கா என்றார். பாட்டைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் கிளம்பும்போது அவரே கூப்பிட்டார்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் சார். ரூமு வேணாம்னு சொன்னது யாரு? சாயபா, வக்கீலா?"

"ஒருத்தரும் சொல்லல. எட்டுப் பேருக்கும் சம்மதம்தான்."

அவர் என்னையே பார்த்தார். என்னை மடக்க வேண்டும் என்று கேட்டது போலத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார்.

"அப்ப அந்த ரூம் சாவி யாருகிட்ட சார் இருந்துச்சு?"

எனக்கு அவமானமாக இருந்தது. அவர் குனிந்து அடுத்த கட்டை எண்ணத் தொடங்கினார். சாவி அப்போதும் என் இடுப்பில்தான் இருந்தது.