முன் சீட்டில் செலினம்மா

செலினம்மா இறந்துபோன செய்தி அவரே தொடங்கிய வாட்ஸ்அப் குரூப்பில்தான் வந்தது. காலை ஏழு மணிக்கு அவருடைய எண்ணிலிருந்தே மகள் போட்டிருந்தார்: "அம்மா திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்." கீழ்மலையில் எங்கள் கிளை நூலகத்து வாசகர்கள் எல்லோரும் இருக்கிற குரூப் அது. அரை மணி நேரம் ஒருவர்கூட அதில் வாய் திறக்கவில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். புதிதாக எதைக் கற்றுக்கொண்டாலும் செலினம்மா அதைக் குரூப்பில் ஏற்றிப் பார்ப்பார். ஐந்து நிமிடத்தில் "இது சோதனை, யாரும் பதில் போட வேண்டாம்" என்று அடுத்த செய்தி வரும். நானும் அந்த அடுத்த செய்திக்காகத்தான் போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

அந்த நூலகத்துக்கு நான் நூலகர், அவர் உதவியாளர். ஏறக்குறைய ஒரே வயது. பதினோரு வருஷம் சேர்ந்து வேலை பார்த்தோம், அதில் பாதி நாள் சண்டை. எனக்கு வைத்தது வைத்த இடத்தில் இருக்க வேண்டும். அவருக்கு ஒரு இடத்தில் பத்து நிமிடம் உட்கார முடியாது. உள்ளே டவர் கிடைக்காது என்பதால் போனைத் தூக்கிக்கொண்டு மாதா கோயில் வளைவு வரைக்கும் ஓடுவார், திரும்பி வருவார், மறுபடி ஓடுவார். நூலகத்துக்கு ஒரு வலைப்பக்கம் தொடங்கினார். அது போதாதென்று சமூக வலைத்தளம் ஒவ்வொன்றிலும் ஒரு கணக்கு. புதுப் புத்தகம் வந்தால் அட்டையைப் படம் எடுத்துப் போடுவார். அலமாரிக்கு அலமாரி க்யூஆர் கோடு ஒட்டினார். பனிக்காலத்து ஈரத்தில் அத்தனையும் உரிந்து விழுந்தது. நான் சிரித்தேன். அவர் மறுநாளே செலோ டேப்போடு வந்து நின்றார். "போட்டுத்தான் பாப்பமே சார், என்ன கொறஞ்சிரப் போகுது?" என்பார். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது அதைக் கேட்டுவிடுவேன். எரிச்சலாக வரும்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் பழைய ஆள். கெடு தாண்டிய வாசகர்களுக்கு நாங்கள் அஞ்சலட்டை போடுவது வழக்கம். எழுதுவது செலினம்மாதான். புத்தகத்தின் பெயரை மட்டும் எழுத மாட்டார். "தாங்கள் எடுத்த நூல்" என்று முடித்துவிடுவார். எந்த நூல் என்று எழுதினால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். "கார்டை தபால்காரர் படிப்பாரு, மாமியார் படிப்பாங்க, எதுத்த வீட்டுக்காரங்க படிப்பாங்க. ஒருத்தர் என்ன படிக்கிறாருன்னு அவுகளுக்கு எதுக்கு சார்?" என்றார்.

நாலு வருஷத்துக்கு முன்பு புத்தக இருப்பைச் சரிபார்க்க மேலிடத்திலிருந்து அதிகாரிகள் வரப்போவதாகத் தகவல் வந்தது. பதினோரு பேரிடம் புத்தகம் நின்றது. அந்த வாரம் குரூப்பில் ஒரு பட்டியல் வந்ததே, ஆளின் பெயர், புத்தகத்தின் பெயர், கெடு தாண்டிய நாள் என்று வரிசையாக, உங்களில் பலருக்கு நினைவிருக்கும். எட்டாவது பெயர் ஜீப் ஓட்டும் முருகேசன். அவர் எடுத்திருந்தது குடிப்பழக்கத்திலிருந்து மீள வழி சொல்லும் ஒரு நூல். அவர் குடித்ததே பலருக்குத் தெரியாது. விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது என்பது யாருக்கும் தெரியாது. அந்தப் புத்தகத்தை ஸ்டீயரிங்குக்குப் பக்கத்துப் பெட்டியிலேயே வைத்திருந்தாராம், கை நடுங்கினால் எடுத்துப் பார்க்க. எஸ்டேட்டுகளிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போவதுதான் அவருடைய சோலி. மறுநாள் காலை ஜீப்பில் இரண்டே பிள்ளைகள் இருந்தார்கள்.

செலினம்மா பட்டியலை அழித்தார். அதற்குள் அது பண்ணைக்காடு வரைக்கும் போய்விட்டிருந்தது. முருகேசன் நூலகத்துக்கு வந்து புத்தகத்தை மேஜையில் வைத்தார். எறியவில்லை, வைத்தார். "இதை யாரு போட்டது?" என்று கேட்டார். செலினம்மா எழுந்து நின்று, "நாந்தான் தம்பி போட்டேன். தப்புத்தான்" என்றார். முருகேசன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். நான் பக்கத்து மேஜையில் செய்தித்தாள் அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கி முடித்ததைக் கலைத்து மறுபடி அடுக்கினேன்.

மறுநாளிலிருந்து செலினம்மா பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ்ஸை விட்டுவிட்டு முருகேசன் ஜீப்பில் வரத் தொடங்கினார். எப்போதும் முன் சீட். கண்ணாடிக்கு வெளியே தெரிகிற பனியையும் ரோட்டையும் படம் எடுத்து, தான் கணக்கு வைத்திருந்த அத்தனை இடத்திலும் போடுவார். "காலை வணக்கம். முருகேசன் வண்டி, முன் சீட். பத்திரமாக வந்து சேர்ந்தேன். நூலகம் திறந்திருக்கிறது." மழையோ வெயிலோ, தினமும் அதே நாலு வரி. இந்த அம்மாவுக்கு விளம்பரப் பைத்தியம் முற்றிவிட்டது என்று நான் குரூப்பிலேயே கேலி செய்திருக்கிறேன். அவர் ஒரு சிரிக்கிற முகத்தைப் போட்டுவிட்டு மறுநாளும் படம் போட்டார். மூன்றாம் மாதம் ஒரு தாய் தன் மகளை ஜீப்பில் ஏற்றிவிட்டார். "லைப்ரரி அம்மாவே தெனமும் போறாங்கல்ல" என்றாராம். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஜீப் நிறைந்த பிறகும் செலினம்மா முன் சீட்டை விடவில்லை. முருகேசன் அவரிடம் மரியாதையாக இருந்தார். ஆனால் மற்ற எல்லோரையும் அக்கா என்று கூப்பிடுகிறவர், அவரை மட்டும் கடைசி வரை மேடம் என்றுதான் கூப்பிட்டார்.

அடக்கத்துக்கு நான் முருகேசன் ஜீப்பில்தான் போனேன். முன் சீட்டில் யாரும் உட்காராமல் பின்னால் நெருக்கிக்கொண்டார்கள். திரும்பி வரும்போது மற்றவர்கள் வழியிலேயே இறங்கிவிட்டார்கள். நான் முன்னால் போய் உட்கார்ந்தேன். இரண்டு வளைவு தாண்டியதும் சொன்னேன்: "முருகேசு, அந்தப் பட்டியலைப் போடச் சொன்னது நான்."

நான் நிறுத்த முடியாமல் சொல்லிக்கொண்டே போனேன். அஞ்சலட்டைக்கு யாரும் மசியவில்லை, குரூப்பில் போட்டால் வெட்கப்பட்டாவது கொண்டு வருவார்கள் என்று சொன்னது நான். "புத்தகப் பேரு வேண்டாம் சார்" என்று செலினம்மா இரண்டு முறை சொன்னார். "ஊருக்கெல்லாம் புதுமை சொல்லிக் கொடுப்பீங்க, நான் சொன்னா மட்டும் ஆகாதா?" என்று கத்தினேன். அன்றைக்கு மட்டும் அவர் "போட்டுத்தான் பாப்பமே" என்று சொல்லவில்லை. போனை எடுத்துக்கொண்டு வளைவுக்கு நடந்துதான் போனார், ஓடவில்லை. பிறகு ஒருநாள், "நீங்க ஏன் என் பேரைச் சொல்லல?" என்று கேட்டேன். "போட்ட விரல் என்னுதுதானே சார். ஒங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சுன்னா நீங்களே சொல்லிருவீங்க" என்றார். எனக்குத் தோன்றவில்லை என்று இல்லை. தினமும் தோன்றியது. நாளைக்குச் சொல்லலாம் என்றே நாலு வருஷம் ஓட்டிவிட்டேன்.

முருகேசன் வண்டியை ஓரம் கட்டினார். ஸ்டீயரிங்கில் கையை வைத்தபடியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தெனமும் பக்கத்துல ஒக்காந்து வந்தாங்க. வேணும்னே செஞ்சிட்டு இப்ப வேசம் போடுறாங்கன்னு மனசுக்குள்ள ஒரு ஓரத்துல கோவம் கெடந்துச்சு சார். தெரிஞ்சிருந்தா ஒரு நாளு அக்கான்னு கூப்பிட்டிருப்பேன்ல" என்றார். பிறகு வண்டியை எடுத்தார். நூலக வாசலில் என்னை இறக்கிவிட்டுப் போனார்.

எனக்கு நிலைகொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சொல்கிறது, எழுந்தால் வளைவு வரைக்கும் நடக்கச் சொல்கிறது. முருகேசனைப் போலவே உங்களில் எத்தனை பேர் செலினம்மாமேல் அந்தக் கோபத்தை வைத்திருந்தீர்களோ எனக்குத் தெரியாது. இறக்கி வைத்துவிடுங்கள். என்மேல் வைத்தால் அது சரியான இடம். இதை அவருடைய குரூப்பிலேயே போடுகிறேன். இது சோதனை இல்லை, நீங்கள் பதில் போடலாம்.

அவருடைய பொருள் ஏதாவது உங்களிடம் இருக்கிறதா என்று மகள் எல்லோரையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். என்னிடம் இருப்பது அவருடைய நல்ல பெயர். எடுத்தவன் நான், கெடு தாண்டி நாலு வருஷம் ஆகிறது, வாங்கிக்கொள்ள இப்போது அவர் இல்லை.