ஆத்தா எடுத்துக் கொடுத்த மாத்திரை

சைதாப்பேட்டை ஆற்றோரக் குடிசைகளில் செண்பகத்துக்கு 'வேணாம் அக்கா' என்று ஒரு பட்டப்பெயர் இருந்தது. கேலிக்கு வைத்த பெயர்தான். ஏன் அப்படி ஒரு பெயர் என்று யாராவது விசாரித்தால் சிரித்துக்கொண்டே சொல்லத் தொடங்குவார்கள், பாதியில் நிறுத்திவிடுவார்கள். மீதிப் பாதி சிரிக்கிற கதை இல்லை.

அவள் அந்த ஆற்றோரத்திலேயே பிறந்து வளர்ந்தவள். கார்ப்பரேஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்தாள். புருஷன் பம்பாய்க்குப் பிழைக்கப் போனான், போனவன் போனவன்தான். அப்போது அடையாறில் ஒரு பழைய தோட்ட பங்களாவில் காசநோய்க்குப் புது மருந்து பரிசோதிக்கும் நிலையம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஆயா வேலை கேட்டுப் போன செண்பகத்தை அங்கிருந்த டாக்டர் ஜெயபாரதி இரண்டு வார்த்தை பேசவிட்டுப் பார்த்தார். தூத்துக்குடிப் பக்கத்து அம்மாள், நல்ல மனுஷி. "உனக்கு நல்லா வாய் இருக்கு. பெருக்குறதுக்கு வேற ஆள் பாத்துக்கிடுவேன்" என்று சொல்லி அவளை வேறு வேலைக்கு வைத்துக்கொண்டார்.

வேலை இதுதான். ஆராய்ச்சியில் சேரும் நோயாளியிடம் ஒரு தாளில் சம்மதம் வாங்க வேண்டும். தாளில் இருப்பதைப் படிக்கத் தெரியாதவர்களுக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்ல வேண்டும். பிறகு வாரா வாரம் வீட்டுக்குப் போய், உடம்பு எப்படி இருக்கிறதென்று கேட்டு வர வேண்டும்.

அந்தத் தாளை எழுதிய புண்ணியவான் கோர்ட்டு குமாஸ்தாவாக இருந்திருக்க வேண்டும். 'மேற்படி ஆய்வில் பங்குபெறத் தன்னிச்சையாகச் சம்மதிக்கிறேன். எந்நேரமும் காரணம் கூறாது விலகிக்கொள்ளும் உரிமை எனக்குண்டு' என்று போகும். எழுதப் படிக்கத் தெரிந்தவனுக்கே கொட்டாவி வரும். ஆற்றோரத்து ஜனங்களுக்கோ தாளைக் கண்டாலே குலை நடுங்கும். சர்க்கார் ஆட்கள் குடிசைகளுக்கு நம்பர் எழுதிப் போய்க்கொண்டிருந்த காலம் அது. எதில் கைநாட்டு வைத்தாலும் மறுநாள் லாரி வந்து தட்டுமுட்டுச் சாமானோடு ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிடுவார்கள் என்று பயந்தார்கள். பயப்பட அவர்களுக்குக் காரணமும் இருந்தது.

குடிசைப் பயத்தைச் செண்பகம் எப்படியோ பேசித் தீர்த்துவிடுவாள். தீராதது வேறொன்று. பழைய வைத்தியம், தினம் ஊசி போடுவது. புது வைத்தியம், மாத்திரை மட்டும். யாருக்கு எது என்பதை டாக்டர் முடிவு செய்வதில்லை. ஒட்டிய உறைகளுக்குள் சீட்டு இருக்கும். வரிசைப்படி எந்த உறை வருகிறதோ அதற்குள் இருப்பதுதான் வைத்தியம். எது நல்லது என்று டாக்டருக்கே இன்னும் தெரியாது, தெரிந்துகொள்ளத்தான் இத்தனையும்.

"டாக்டரம்மாவுக்கே தெரியாதா? அப்ப இன்னாத்துக்கு டாக்டரு?" என்று எழுந்து போனவர்கள் நிறைய. அவர்கள் கேட்டதில் என்ன தப்பு?

இப்படிப் பலர் எழுந்து போன பிறகு ஒருநாள் செண்பகத்துக்குப் பளிச்சென்று ஒரு யோசனை வந்தது. ஆற்றோரத்தில் யாருக்காவது எதிலாவது ரெண்டுங்கெட்டான் நிலை வந்தால், அம்மன் கோயிலில் பூ கட்டிப் போட்டுப் பார்ப்பார்கள். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். அம்மன் காலடியில் போட்டு, விவரம் தெரியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. பெண்ணை எந்த மாப்பிள்ளைக்குக் கொடுப்பது என்பது முதல் வழக்கு தொடுக்கலாமா என்பது வரை அங்கே அப்படித்தான் முடிவாகும்.

"நம்ம கோயில்ல பூ போட்டுப் பாக்கறோமில்ல, அது கணக்காத்தான் இதுவும். உள்ள ஊசியா மாத்திரையான்னு எடுக்கறவங்களுக்கும் தெரியாது, குடுக்கறவங்களுக்கும் தெரியாது" என்றாள். கேட்டவர் முகம் தெளிந்துவிட்டது. அதற்கப்புறம் யாரும் எழுந்து போகவில்லை. டாக்டர் ஜெயபாரதி இதைக் கேட்டுவிட்டு, "இத்தனை நாளா எனக்கு இது தோணலியே!" என்று அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார். செண்பகத்துக்கு அன்று தலைகால் புரியவில்லை.

அப்படிச் சேர்ந்தவர்களில் ஒருவன் தணிகாசலம். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் அரத்தால் இரும்பு ராவுகிறவன், செண்பகத்துக்கு நாலு குடிசை தள்ளி வீடு. பெண்டாட்டி கன்னியம்மா, ஒரே பெண் குழந்தை. அவனுக்கு வந்த உறையில் புது மாத்திரை இருந்தது. தாளில் உள்ள எல்லாவற்றையும் செண்பகம் சொன்னாள். வாந்தி வந்தாலோ கண் மஞ்சளானாலோ உடனே சொல்ல வேண்டும் என்றாள். பிடிக்கவில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் விட்டுவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், பழைய ஊசியைப் போடுவார்கள் என்றாள். ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். தணிகாசலமும் தலையாட்டிக் கட்டைவிரலை வைத்தான்.

அன்று சாயங்காலம் கன்னியம்மா அம்மனுக்குத் தேங்காய் உடைத்து, ஒரு சில்லு கொண்டுவந்து செண்பகத்தின் கையில் வைத்தாள். "ஊசி குத்தாம மாத்திரையா எடுத்துக் குட்த்துட்டாக்கா ஆத்தா. அவ கண்ணத் தொறந்துட்டா."

செண்பகம் சிரித்துக்கொண்டே தேங்காயை வாயில் போட்டு மென்றாள். 'ஆத்தா எங்கடி வந்தா, அது ஆபீஸ்ல ஒட்டுன கவரு' என்று வாய் வரை வந்தது. சந்தோஷமாக இருப்பவளை எதற்குக் குழப்புவது என்று விட்டுவிட்டாள்.

மாத்திரை முதலில் நன்றாகத்தான் வேலை செய்தது. இருமல் குறைந்தது, பட்டறைக்கும் போகத் தொடங்கினான். வாரா வாரம் அவள் கேட்பாள், அவன் "ஒண்ணுமில்லக்கா, சோக்கா கீது" என்பான். ஒரு வாரம் அவள் போனபோது கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான்.

"இன்னா தணிகாசலம், சினிமால சேந்துட்டியா?"

"மெட்ராஸ் ஐக்கா. கிட்ட வராத, ஒட்டிக்கும்."

தெருவில் பாதிப் பேருக்கு மெட்ராஸ் ஐ வந்திருந்த சமயம். அவன் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி யார் கண்ணைப் பார்ப்பார்கள்? செண்பகமும் எட்டி நின்றே கேட்டுவிட்டுப் போனாள். அந்த மாதம் ரத்தப் பரிசோதனைக்கு அவன் வரவில்லை. பட்டறையில் லீவு தரவில்லை என்றாள் கன்னியம்மா. அடுத்த தடவை போனபோது குடிசைக்குள் கீழாநெல்லி அரைத்த வாசனை அடித்தது. அம்மிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கன்னியம்மா தலை நிமிரவில்லை. மஞ்சள் காமாலைக்கு அல்லாமல் யார் வீட்டில் கீழாநெல்லி அரைப்பார்கள்? உள்ளே போய், பாயில் சுருண்டு கிடந்தவன் முகத்திலிருந்து கண்ணாடியைப் பிடுங்கினாள். இரண்டு கண்ணும் மஞ்சள் அரைத்துப் பூசியது போல இருந்தன.

"அடப்பாவி, ஏன்டா சொல்லல? நிறுத்தியிருப்பாங்களேடா!"

"அதாங்க்கா சொல்லல" என்றான் அவன். குரல் உள்ளே போயிருந்தது. "ஆத்தா எடுத்துக் குட்த்தத எப்டிக்கா நிறுத்தறது? வூட்ல பொண்ணு கீது. அதுக்கு இன்னா ஆவுமோன்னு..."

செண்பகத்துக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கிற்று. பூ போட்டுப் பார்த்த பிறகு மறுபேச்சு கிடையாது. சிவப்புப் பூ வந்த பின் வெள்ளைப் பூவுக்கு ஆசைப்படுகிறவன் குடும்பம் விளங்குமா? இது அவளுக்குத் தெரியாததா? அவளுடைய கல்யாணமே அப்படிப் பூ போட்டு முடிவானதுதான். புருஷன் பம்பாய்க்கு ஓடிய பிறகும், வேறொருவன் வந்து கேட்டபோது, ஆத்தா வாக்கு என்று தாலியைக் கழற்றாமல் இருந்தவள் அவள். வேண்டாமென்றால் விடலாம் என்று வாயால் நூறு தரம் சொல்லிவிட்டு, விட முடியாதபடி பூட்டுப் போட்டதும் அவளேதான்.

டாக்டர் ஜெயபாரதி தன் காரிலேயே தணிகாசலத்தைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஈரல் கெட்டுப்போயிருந்தது. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அதே மாத்திரையால் பிழைத்து எழுந்து நடமாடியவர்கள் பலர், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நாலு குடிசை தள்ளி ஒருத்தி தலைவிரி கோலமாகக் கிடக்கும்போது அந்தக் கணக்கால் யாருக்கு என்ன ஆறுதல்?

காரியம் முடிந்த அன்று செண்பகம் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். கன்னியம்மா எழுந்து வந்து அவள் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்தாள். "நீ ஏன்கா அழுவற? நீ இன்னா பண்ணுவ? ஆத்தா குட்த்தா, ஆத்தா இட்டுக்கினா."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு செண்பகம் தப்பித்திருக்கலாம். யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. ஆனால் முன்பு தேங்காயை மென்று விழுங்கியதைப் போல இதை விழுங்க அவளால் முடியவில்லை.

"ஆத்தா இல்ல கன்னியம்மா. ஆபீஸ்ல கலந்து வச்ச சீட்டு. வெறும் சீட்டு. உனக்குப் புரியட்டும்னு நான்தான் பூன்னு சொன்னேன்."

கன்னியம்மாவின் கை அப்படியே நின்றது. "அப்ப நிறுத்தியிருந்தா..."

"ஒண்ணும் ஆயிருக்காது. பொழச்சிருப்பான்."

கன்னியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு, "இத்த ஏன்கா இப்ப சொன்ன?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாள். ஆத்தா எடுத்துக்கொண்டாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தவளிடம் அதையும் பிடுங்கிக்கொண்டாளே என்று தெரு முழுக்கச் செண்பகத்தைக் கரித்துக் கொட்டியது.

வேலையை விட்டுவிடுகிறேன் என்று டாக்டரிடம் போய் நின்றாள். "நீ போனா இந்தத் தாளை அவங்களுக்கு நான்தான் படிச்சுக் காட்டணும். அது இதைவிட மோசம்" என்றார் அவர். அவரும் அழுதிருந்தார் போலத் தெரிந்தது.

அதற்குப் பிறகு செண்பகம் பூவைப் பற்றி வாய் திறந்ததில்லை. எல்லாம் சொல்லி முடித்ததும் கைநாட்டு மையை மட்டும் நீட்டமாட்டாள். "எங்க, எனக்கு வேணாம்னு ஒருவாட்டி சொல்லு பாப்போம்" என்பாள். சொன்னால்தான் மை. ஜனங்கள் நெளிவார்கள், சிரிப்பார்கள். வெள்ளைக்கோட்டு நடமாடுகிற இடத்தில் வேண்டாம் என்று சொல்லிப் பழகிய வாயா அவர்களுக்கு? சைதாப்பேட்டை மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் வேலுக் கிழவர், "வேணாம்... நீ சொன்னா சரிம்மா" என்று இழுத்தார். அவரை மூன்று நாள் நடக்கவிட்டாள். 'வேணாம் அக்கா' என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

பல வருஷம் கழித்து, எழுபத்தெட்டில் ஒருநாள் கன்னியம்மா அந்த பங்களாவுக்கு வந்தாள். ஆற்றோரத்திலிருந்து அவர்களைக் கிளப்பி ஊருக்கு வெளியே போட்டு நாளாகியிருந்தது. மூன்று பஸ் மாறி வந்திருந்தாள். கூட, வளர்ந்து நின்ற மகள். அவளுக்கு இருமல். எக்ஸ்ரேயில் காசம் தெரிந்திருந்தது.

செண்பகம் எல்லாவற்றையும் சொன்னாள். இப்போது பார்ப்பது வேறொரு மருந்து என்றாள். இதிலும் சீட்டுதான், சாமி கிடையாது, மனுஷன் கலந்து வைத்தது என்றாள். பெண்ணுக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை, கைநாட்டு அம்மாதான் வைக்க வேண்டும். பிறகு வழக்கம் போல, கன்னியம்மாவிடம், "வேணாம்னு சொல்லு பாப்போம்" என்றாள்.

"வேணாம்" என்றாள் கன்னியம்மா.

"சரி, இப்ப யோசிச்சு..."

"யோசிச்சுத்தான்கா சொல்றேன். வேணாம்."

செண்பகம் தாளை மடித்து மேஜைக்குள் வைத்தாள். சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதி, அங்கே பழைய ஊசியே போடுவார்கள், காலையிலேயே போய்விடு என்று அவள் கையில் கொடுத்தாள். கன்னியம்மா நகரவில்லை. யாராவது வந்து திட்டுவார்கள், டாக்டர் கூப்பிட்டு விடுவார் என்று எதிர்பார்த்தவளைப் போல நின்றாள். யாரும் வரவில்லை.

"அவ்ளோதானாக்கா?"

"அவ்ளோதான்."

கன்னியம்மா அங்கிருந்த பெஞ்சியில் உட்கார்ந்தாள். "இதுக்காக்கா அந்த மனுசன் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கினு குந்திக்கினு இருந்துச்சு?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, காரியம் நடந்த அன்றுகூட அழாத அழுகையாக அழுதாள். மகள் ஒன்றும் புரியாமல் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.