உப்புத் தொடாதவள்

அகஸ்ரினா கள்ளமாக உப்புத் தின்கிறாள் என்று கிளினிக்கில் சந்தேகப்பட்டார்கள். அவளுடைய புருஷன் வலன்ரைனோ சந்தேகப்படவே இல்லை, நேரே முடிவு கட்டிவிட்டார்.

தாழ்வுபாடு என்ற கடற்கரை ஊரில் கருவாடு போட்டே பிள்ளை வளர்த்தவள் அவள். ஐம்பத்திரண்டு வயதில் இதயம் பலவீனப்பட்டுக் கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. கிளினிக்கில் இதயத்துக்கு ஒரு குளிசையும், தேங்கிய நீரை மூத்திரமாக இறக்க இன்னொரு குளிசையும் கொடுத்து, உப்பைத் தொடக்கூடாது என்றார்கள். அவள் தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை. ஆனால் வீக்கம் வடியவில்லை. குளிசையைக் கூட்டிப் பார்த்தார்கள், அதற்கும் அசையவில்லை.

"கருவாட்டுக்காரியெல்லோ. பூனை கருவாட்டை விட்டு வைக்குமோ?" என்று அங்கே ஒருவர் சிரித்தார். அந்தப் பகிடி வலன்ரைனின் தலைக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது.

போதாக்குறைக்கு அவளுடைய உதடும் அவளைக் காட்டிக்கொடுத்தது. வாயைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல ஒரு விறுவிறுப்பு. நாக்கால் தடவிக்கொண்டே இருப்பாள். தாழ்வுபாட்டில் கருவாடு போடுகிற ஒருத்தி உதட்டை நக்கினால் ஊர் வேறு என்ன நினைக்கும்? வலன்ரைன் வீட்டிலிருந்த கருவாட்டையெல்லாம் அள்ளித் தம்பி வீட்டில் கொண்டுபோய் வைத்தார். உப்புப் போத்தலை அலுமாரிக்குள் பூட்டினார். மகள் பிறின்சி குசினிக்குள் தாயின் பின்னாலேயே நின்றாள். அயலுக்குப் போகவும் தடை, அங்கே யாராவது கொடுத்துவிடுவார்களாம்.

"மாதாவாணை, நான் தின்னேல்லையப்பா."

"அப்ப வீக்கம் என்ன காத்திலையோ வருது?"

மூச்சு ஒரு பக்கம் அவளைப் படுக்கவிடாமல் கதிரையில் இருத்திக் கட்டிப்போட்டது, வீடு மறுபக்கம் கட்டிப்போட்டது. பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் எங்கே என்று யாரும் தேடக்கூட இல்லை. பிறகு விரல்களும் இழுக்கத் தொடங்கின. அவள் வாய் திறக்கவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு கள்ளம் கண்டுபிடிப்பார்கள் என்று பயம். பயத்தைவிட வெறுப்பு.

அடுத்த கிளினிக்கில் புதிதாக வந்த டொக்டர் பஹ்மிதா இருந்தார். பிரஷர் பார்க்கக் கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்தவர், யாரோ கூப்பிட, காற்றை இறக்காமலே திரும்பிப் பேசிக்கொண்டு நின்றார். இரண்டு மூன்று நிமிடம் போயிருக்கும். அகஸ்ரினாவின் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்தன, மணிக்கட்டு உள்ளே மடங்கியது. மறு கையால் மூடப் பார்த்தாள். டொக்டர் கண்டுவிட்டார்.

"மறைக்காதேங்கோ அம்மா. கழுத்திலை என்ன தழும்பு?"

"இந்தியாவிலை, அகதிக் காம்பிலை இருக்கேக்கை கழலை எடுத்தவை. நெடுகக் கல்சியம் குளிசை போடச் சொன்னவை. ஊருக்கு வந்தாப்பிறகு விட்டிட்டன். மீன் முள்ளையே சப்பித் தின்னுறனாங்கள், எங்களுக்கு ஏன் அது?"

இரத்தம் எடுத்துப் பார்த்ததில் கல்சியம் அடிமட்டத்தில் கிடந்தது. டொக்டர் வலன்ரைனையும் மகளையும் உள்ளே கூப்பிட்டார்.

"இதயம் சுருங்கி விரியக் கல்சியம் வேணும். அது இல்லாத இதயத்துக்கு இந்த மருந்து கேக்காது. மூத்திரக் குளிசையைக் கூட்டக் கூட்ட, மிச்சமிருந்த கல்சியமும் அதோடை போயிட்டுது. கழலை எடுக்கேக்கை கல்சியத்தைக் காக்கிற சுரப்பியும் பழுதாகியிருக்கு. எவ்வளவு முள்ளுத் திண்டாலும் காணாது. உதடு விறுவிறுக்கிறதும் கை இழுக்கிறதும் அதாலைதான். இவ உப்புத் தின்னேல்லை."

வார்ட்டில் வைத்து நரம்பு வழியாக மெல்ல மெல்லக் கல்சியம் ஏற்றினார்கள். சில நாட்களில், அதுவரை கேட்காத அதே குளிசைகள் கேட்கத் தொடங்கின. கால் வடிந்தது. மாதக்கணக்கிற்குப் பிறகு அகஸ்ரினா முதுகு நீட்டிப் படுத்தாள்.

வலன்ரைன் கட்டிலோரம் இருந்தார். "கை இழுக்கிறதை எனக்கெண்டாலும் ஒருக்காச் சொல்லியிருக்கலாமே," என்றார்.

"உப்புத் தின்னேல்லை எண்டு எத்தினை தரம் சொன்னனான்," என்றாள் அவள். "அதையே நீங்கள் நம்பேல்லை. பிறகு வேறை என்னத்தைச் சொல்லுறது?"