சோளக்கொல்லையில் இருந்த பிள்ளைகள்

அந்தப் பள்ளிக்கூடத்தை மூட வைத்தவன் நான்தான்.

உங்களுக்கு வேறு விதமாகச் சொல்லியிருப்பார்கள். கீழத்தெரு ஜனங்கள் பிள்ளைகளை அனுப்பவில்லை, அதனால் சர்க்கார் அங்கீகாரத்தை ரத்து செய்துவிட்டது என்று. பெரம்பலூரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். நானும் கூடவே தலையாட்டியிருக்கிறேன்... பாவி!

கோவிந்தசாமி வாத்தியார் தம் சொந்தக் கொட்டகையில் நடத்திய பள்ளிக்கூடம் அது. கூலிக்காரர்களின் பிள்ளைகளிடம் பள்ளிச் சம்பளம் வாங்காமல் பாடம் சொன்னார். சர்க்கார் தரும் உதவித்தொகையில்தான் எல்லாம் நடந்தது. நான் அங்கே உதவி வாத்தியார்.

வீட்டிலோ நான் வீட்டோடு மாப்பிள்ளை. உண்பது மாமனார் வீட்டுச் சோறு, உடுத்துவது மாமனார் எடுத்துக் கொடுத்த வேட்டி. அவருக்குக் கடலை மண்டி. பஸ் போகிற ரோட்டின் மேல் இருந்த அந்தக் கொட்டகையின் மீது அவருக்கு வெகுநாளாகக் கண்.

"மாப்ளே, வியாபாரிங்க வூட்டுப் பசங்க படிக்கத் திருச்சிக்குப் போறாங்க. அந்த எடம் நம்ம கைக்கு வந்துட்டா, சம்பளம் வாங்கிக்கிட்டு நாமளே ஒரு பள்ளிக்கூடம் நடத்தலாம். நீங்கதான் ஹெட்மாஸ்டரு. பெரிய வாத்தியாருதான் குடுக்க மாட்டேங்கறாரு. டிப்டி இன்ஸ்பெக்டர் வர்ற அன்னிக்குப் புள்ளைங்க இல்லாம போச்சுன்னா..."

வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

மறுத்திருக்கலாமே என்கிறீர்களா? மறுத்துவிட்டு எந்த வீட்டுக்குள் நுழைவேன்? இல்லை... இதுவும் சாக்குதான். ஹெட்மாஸ்டர் என்ற சொல் எனக்கு இனித்தது. அதுதான் உண்மை.

டிப்டி வருவதற்கு முதல் நாள், "நாளைக்கு ஆபீசர் வராரு, எல்லாரும் குளிச்சுட்டு வந்துடணும்" என்று வாத்தியார் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பினார். அன்று மாலை நான் மண்டிக்குப் போனேன். கடலை உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் அந்தப் பிள்ளைகளின் தாய்மார்கள். அவர்கள் காதில் விழும்படி கணக்குப்பிள்ளையிடம் சொன்னேன்.

"நாளைக்குப் பள்ளிக்கூடத்துல அம்மை குத்த வராங்களாம்."

அவ்வளவுதான்! அம்மை குத்தினால் மாரியாத்தாளுக்கு ஆகாது என்று எங்கள் பக்கத்தில் நடுங்குவார்கள். குத்திய கை சீழ் பிடித்துக் கிடந்ததையும் பார்த்தவர்கள். பெண்களின் கை அப்படியே நின்றுவிட்டது. நான் எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் ஒரு பிள்ளைகூட வரவில்லை. டிப்டி காலிக் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். "பிள்ளைகள் எங்கேய்யா? எல்லாம் பொய்க்கணக்கா?" என்று கேட்டார். வாத்தியார் என் பக்கம் திரும்பினார்.

"ஓடிப் போயி நாலு புள்ளைங்களையாச்சும் கூட்டியாப்பா" என்று என்னைக் கெஞ்சினார்.

போனேன். ஏரிக்கரை மேல் ஏறினேன். கீழே சோளக்கொல்லைக்குள் அத்தனை பேரும் இருந்தார்கள்! குளித்து, எண்ணெய் வைத்து வாரிய தலைகளோடு, ஆபீசருக்காகத் துவைத்த சட்டையோடு... ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். பொய்யென்று சொல்லியிருந்தால் ஓடி வந்திருப்பார்கள். நடுவில் குந்தியிருந்தாள் அஞ்சலை, மண்டியில் கடலை உடைக்கிறவர்களில் ஒருத்தி. அவள் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள், காட்டிக் கொடுத்துவிடாதீர்கள் என்று.

நான் திரும்பி வந்தேன். "ஒருத்தரும் இல்லீங்க" என்றேன்.

பொய்க்கணக்கு என்று டிப்டி எழுதிவிட்டுப் போனார். அங்கீகாரம் ரத்தானது, உதவித்தொகை நின்றது. வாத்தியார் கொட்டகையை மாமனாருக்கே விற்றுவிட்டு அரியலூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது என் தோளைத் தட்டி, "நீ என்னப்பா செய்வே" என்றார். அன்றாவது சொல்லியிருக்கக் கூடாதா? வாய் வரவில்லையே!

இப்போது நான் ஹெட்மாஸ்டர். அறைக்குள் ஒரு நாற்காலி எனக்கு, எதிரே ஒரு நாற்காலி மாமனாருக்கு. யாரைச் சேர்ப்பது, யாரைத் திருப்பி அனுப்புவது என்று அவர்தான் சொல்கிறார். விட்டுப் போகலாமென்றால் மனைவி, குழந்தைகள், சோறு எல்லாமே அவர் வீட்டில். இருப்பதும் முடியவில்லை, போவதும் முடியவில்லை.

போன வாரம் அஞ்சலை வந்தாள். வாசலைத் தாண்டாமல் நின்றாள். அவள் மகள் இப்போது தாயோடு உட்கார்ந்து மண்டியில் கடலை உடைக்கிறாள்.

"ஐயா, ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேங்க. அன்னிக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பி நின்ன புள்ளைங்க எல்லாரையும் கொல்லைக்கு ஓட்டிக்கிட்டுப் போனது நாந்தாங்க. நீங்க மண்டியில சொன்னத அரைகுறையாக் கேட்டுட்டு நாந்தான் தெருவெல்லாம் கெளப்பி வுட்டேன். எங்க புள்ளைங்க படிப்புல நானே மண்ணள்ளிப் போட்டுட்டேங்க... என்னைய மன்னிச்சுருங்க."

மாமனார் எதிர் நாற்காலியில் இருந்தார். பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

நான் என்ன சொன்னேன் தெரியுமா உங்களுக்கு?

"சரி, போம்மா. நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கல" என்றேன்.