மணியின் நாக்கு

செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, கதவை உள்ளங்கையால் அணைத்துப் பிடித்துத்தான் திறப்பார் நல்லமுத்து. கீல் முனகிவிட்டால் அன்றைக்கு முதல் வேலை அதற்கு எண்ணெய் விடுவதுதான். உள்ளே கம்பிக்கூடுகளில் எண்பது வெள்ளெலிகள்.

என் ராக்காயி அத்தைக்கு மூன்றாவது பிள்ளை, எனக்கு மச்சான். றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். அறுபத்தோராம் வருசத்திலிருந்து நுவரெலியாவில் ஒரு டாக்டரம்மாவின் ஆராய்ச்சிக்கூடத்தில் எலி பார்க்கிற உத்தியோகம். பாதி எலிகளுக்கு எக்ஸ்ரே கதிர் காட்டுவார்கள், பாதிக்குக் காட்டமாட்டார்கள். மத்தியானம் கூட்டருகே மணி அடிப்பார்கள். சில எலிகள் வெறிபிடித்து ஓடி, வலிப்பு வந்து விழும். கதிர் பட்டவைதான் அதிகம் விழுகின்றனவா என்பது டாக்டரம்மாவின் கேள்வி.

"எலிக்குக் கங்காணியா மச்சான்?" என்று லயத்தில் கேலி செய்வோம்.

"ஆமா. ஒங்கள மாதிரி காலையில பேர் பதியிற பெரட்டுக்குப் பிந்தி வராதுக." கதிர் பட்டவற்றின் குணத்தையும் சொல்வார்: "மூலையில குந்திக்கிட்டு இருக்கும், தொட்டா கடிக்கும். எங்க வீட்டுக்காரி பேச்சியம்மாவே தோத்துப்போகும்."

அவருடைய அப்பா ஆண்டியப்பன் மாமா, விடியலில் தப்படித்துத் தோட்டத்தையே பெரட்டுக்கு எழுப்பியவர். அந்தப் பழக்கத்தில், சேர்ந்த புதிதில் மகனும் காலைத் தீனிக்கு முன் தகரத்தைத் தட்டினார். சில எலிகள் ஓடித் துள்ளி விழுந்தன. தீனி ஆசை என்று நினைத்துக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து, ஒருநாள் மணி அடிக்கும்போது கூடவே நின்று பார்த்தார். காலையில் கண்ட அதே துள்ளல். காலையில் விழுந்தவையோ மணிக்கு அசையவே இல்லை; ஒருதரம் வலிப்பு வந்தது அன்றைக்கு மறுபடி விழாது என்று அப்போதுதான் புரிந்தது. டாக்டரம்மாவோ அதற்குள், கதிரால் வித்தியாசம் இல்லை என்று கட்டுரையை முடித்துக்கொண்டிருந்தார். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியாது.

"அம்மா, மத்தியானம் விழாத எலியில பாதி காலையிலயே விழுந்திருச்சுங்க. நாந்தாங்க தகரம் தட்டுனேன்."

டாக்டரம்மா எழுதி வைத்திருந்த தாள்களிலெல்லாம் குறுக்கே கோடு போட்டாராம். "வேற எலி வரும், நல்லமுத்து. மறுபடி முதல்ல இருந்து தொடங்குவோம். இனி மணி உங்க பொறுப்பு."

போன மாதம் நானே போய்ப் பார்த்தேன். வராந்தாக் கோடியிலிருந்து அந்த வெண்கல மணியை எடுத்து வந்தார். மாமா தப்பைத் தோளில் மாட்டி நடப்பாரே, அதே நிமிர்வு. கூடுகளைத் தாண்டி மேசைக்குப் போய்ச் சேரும்வரை, மணியின் நாக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்திருந்தார்.